இடது பக்கத்துப் பாட்டில்

எப்சி முதலில் அதைப் பூஞ்சை என்றுதான் நினைத்தாள். திங்கட்கிழமை காலையில் லேபில் செடிகளைப் பாட்டிலில் வளர்க்கும் அறைக்குள் போனால் பூஞ்சை பிடித்த பாட்டில்களைப் பொறுக்கி வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. ஞாயிறு ஒருநாள் கண்ணை மூடினால் போதும், எங்கிருந்தோ வந்து குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும் சனியன். மூன்றாவது அடுக்கில், மூங்கில் வரிசையில், ஒரு பாட்டிலுக்குள் மஞ்சளாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

பூஞ்சை இல்லை. பூ.

விரல் நீளம்கூட இல்லாத மூங்கில் தளிர். அதன் நுனியில் நெல் கதிர்விட்ட மாதிரி பச்சையும் பழுப்புமாக ஒரு சின்னக் கதிர். அதிலிருந்து மகரந்தப் பைகள் மெல்லிய நூலில் தொங்கி ஆடின. அதை வைத்துவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்தாள். அதிலும் பூ. அதற்கடுத்ததில் மொட்டு. வரிசை முழுக்கப் பார்த்து முடித்தபோது அவளுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

பூவைப் பார்த்து ஒருத்தி இப்படி அதிர்ந்து போவாளா என்று கேட்கலாம். மல்லிகை பூத்தால் மணக்கும், வாழை பூத்தால் குலை தள்ளும், யாருக்கும் நஷ்டமில்லை. மூங்கில் வேறு ஜாதி. முப்பது வருஷமோ நாற்பது வருஷமோ பூவைப் பற்றிய நினைப்பே இல்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். பிறகு ஒருநாள் பூக்கும். பூத்தால் அதோடு சரி. வேரோடு காய்ந்து செத்துப்போகும். அப்படிப்பட்ட செடி, பிறந்து ஐந்து மாதம்கூட ஆகாத பாட்டில் குழந்தை, இங்கே பூத்து நிற்கிறது. தாம்பரத்தில் மூன்று வருஷம் தாவரவியல் படித்தவள் எப்சி. பாடத்தில் எதை மறந்தாலும் இதை மறக்கவில்லை.

அவளுக்கு உடனே அண்ணன் முகம்தான் ஞாபகம் வந்தது.

அண்ணன் தாவீது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். பன்னிரண்டு வருஷம் அடுத்தவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து வாழ்ந்தது போதும் என்று வேலையை விட்டுவிட்டு, ஒரத்தூர்ப் பக்கம் இருந்த ஒன்றரை ஏக்கரில் என்ன வைக்கலாம் என்று தங்கையிடம் வந்து கேட்டான். மூங்கில் வையுங்கண்ணா, ஒரு தடவை வெச்சா ஆயுசுக்கும் வெட்டலாம் என்று சொன்னவள் எப்சிதான். இந்த லேபிலிருந்து பிப்ரவரி மாதம் அறுநூறு கன்று போயிற்று. அந்த மாதம் வெளியே போன மூங்கில் அவ்வளவுதான். மொத்தமும் அண்ணன் நிலத்துக்கு. இந்தப் பாட்டில்களில் நிற்பவை அவற்றின் கூடப் பிறந்தவை.

லேப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். படப்பை கடைத்தெருவைத் தாண்டி ஒரு சந்து. அதில் முன்பு சைக்கிள் உதிரிபாகம் அடைத்து வைத்திருந்த குடோன். காட்டாங்குளத்தூரில் ஆராய்ச்சி முடித்த மெஹ்னாஸ், வாப்பாவின் குடோனை வாங்கி, ஏசி போட்டு, இரும்பு அடுக்கு போட்டு, திசு வளர்ப்புக் கூடமாக்கினாள். தாய்ச்செடியிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி ஜாம் பாட்டிலுக்குள் வைப்பார்கள். அது தளிர் தளிராகப் பெருகும். பெருகியதைப் பிரித்து வேறு பாட்டில்களில் வைப்பார்கள். கடைசியில் வேர் பிடிக்க வைத்து, நிழல்வலைக்குள் பழக்கி, வெயிலுக்கு அனுப்புவார்கள். வாழையும் மூங்கிலும்தான் இங்கே பிழைப்பு.

எப்சியின் வேலை பாட்டிலுக்குள் சமையல். சர்க்கரை, உப்பு வகைகள், கெட்டியாக்குவதற்குக் கடல்பாசிப் பொடி, எல்லாவற்றுக்கும் மேல் கடுகத்தனை ஹார்மோன். அந்தக் கடுகுதான் செடியின் தலையெழுத்து. சைட்டோகைனின் போட்டால் தளிராகக் கொட்டும். ஆக்சின் போட்டால் வேர் இறங்கும். வெட்டும் வேலை பார்க்கும் பெண்கள் அந்தப் பெயர்களோடு மல்லுக்கட்டாமல் தளிர் மருந்து, வேர் மருந்து என்று வைத்துக்கொண்டார்கள். நாளடைவில் மேடம் மெஹ்னாஸும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

மெஹ்னாஸ் வந்து பார்த்தாள். ஒரு பாட்டிலைப் பார்த்தாள், இரண்டைப் பார்த்தாள், மூன்றாவதைப் பார்க்காமலே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"யா அல்லாஹ். எத்தனை பாட்டில் எப்சி?"

"மூங்கில் ரேக் மொத்தமும் மேடம். பூக்காததுல மொட்டு இருக்கு."

"தாய்ப்புதருக்கு வயசாயிடுச்சு போல. கோவளம் தோட்டத்துல கட் பண்ணிட்டு வந்தோமே, அதைக் கேட்டுக்காம கொண்டு வந்தது என் தப்பு. தாய்க்கு டைம் வந்துட்டா பிள்ளை எங்க இருந்தாலும் அதே நேரத்துல பூத்துடும். பாட்டில்ல இருந்தாலும் சரி, பாலைவனத்துல இருந்தாலும் சரி."

"அப்படின்னா காப்பாத்த முடியாதா?"

"வயசுக்கு மருந்து ஏது? எல்லாத்தையும் குக்கர்ல போட்டு அவிச்சுடலாம். இதை ஒருத்தர் கையிலயும் குடுக்கக் கூடாது." எழுந்து கதவு வரை போனவள் திரும்பினாள். "இல்லன்னா தளிர் மருந்து ஏகத்துக்கு ஓவராப் போயிருக்கணும். அப்பவும் மூங்கில் இப்படிப் பூக்கும், படிச்சிருக்கேன். ஆனா அதுக்கு சான்ஸே இல்ல. மருந்து கலக்கறது நீயாச்சே."

அந்தக் கடைசி வாக்கியத்தில் எந்த உள்குத்தும் இல்லை. உண்மையாகவே அவ்வளவு நம்பிக்கை. எப்சிக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. மனுஷ மனசு எந்த நேரத்தில் எதற்குக் குளிர்ந்துபோகும் என்று சொல்லவே முடியாது.

அழிக்கப்போகிற பாட்டில்களை எழுதிவைக்க அவள் பதிவேட்டைத் திறந்தாள். ஒவ்வொரு தடவை பிரித்து மாற்றும்போதும் ஒரு தளிர் எத்தனை ஆயிற்று என்று அதில் எழுதுவார்கள். மூங்கில் எப்போதும் ஒன்றுக்கு மூன்று. வருஷம் முழுக்க மூன்று, மூன்று, மூன்று. அக்டோபர் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழு. பிறகு எட்டு. அந்த எட்டைப் பார்த்து லேபே கொண்டாடியது. எப்சிக்குக் கைராசி என்றார்கள். மேடம் பிரியாணி வரவழைத்தாள். பூஜை போட்ட பலன் என்றாள் கூட வேலை பார்க்கும் அபிதகுஜாம்பாள்.

பக்கத்தைப் புரட்டி வாழையைப் பார்த்தாள். வாழை எப்போதும் ஒன்றுக்கு ஐந்து. அதே அக்டோபர் இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு. மார்ச் மாதம் புது மருந்து கரைத்த பிறகு திரும்ப ஐந்து. இடையில் இருந்த அந்த நாலரை மாதமும் கரண்ட்டைக் குறை சொன்னார்கள், வாழைக்கிழங்கு விற்றவனைக் குறை சொன்னார்கள்.

ஒன்று ஏறிய அதே வாரம் இன்னொன்று இறங்கியிருக்கிறது. ஐந்து மாதமாக இரண்டும் ஒரே நோட்டில், அவள் கையெழுத்திலேயே இருந்திருக்கின்றன. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஏறுவதைப் பார்க்கிறவர்களுக்கு இறங்குவதைப் பார்க்க எங்கே நேரம்?

எப்சி ஃப்ரிட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

தளிர் மருந்து இரண்டு பாட்டில்களில் இருக்கும். இரண்டும் ஒரே அளவு, ஒரே பழுப்புக் கண்ணாடி. மூங்கிலுக்கு லேசான கரைசல். வாழை பெருந்தீனிக்காரி, அதற்கு ஐந்து மடங்கு கெட்டி. செப்டம்பரில் இரண்டையும் நிறையக் கரைத்து, மார்க்கரில் பெயர் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தவள் எப்சி. இடது பக்கம் மூங்கில், வலது பக்கம் வாழை. நாலு வருஷமாக அதுதான் இடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஆயுதபூஜைக்கு லேபில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். மேடம் தடை சொல்வதில்லை. பொரியும் கடலையும் அவள் செலவுதான். ஏசிக்குப் பொட்டு, குக்கருக்குப் பொட்டு, கத்திரிக்கோலுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு. முன்னால் நின்று நடத்துவது அபிதகுஜாம்பாள். முடிச்சூரிலிருந்து வருகிறவள், வெட்டும் பிரிவுக்கு மூத்தவள். அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டத்தில் அடங்காது, பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து ஆக்கிரமித்துக்கொள்ளும்; கூப்பிடும்போது எல்லோருக்கும் அபிதா. அந்தப் பூஜையின்போது எப்சி எப்போதும் சபை, உறவு என்று ஏதாவது சொல்லி லீவு போட்டுவிடுவாள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அந்த அக்டோபரில் லீவு முடிந்து முதல் ஆளாக வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால், அவளுடைய மருந்து பாட்டில்களிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். எழுதியிருந்த பெயரின் மேலேயே வைத்திருந்தார்கள். எப்சி பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தாள். கிருமி அண்டாத வெட்டு மேடைக்குள் போகிற பாட்டிலில் பொட்டுத் தூள் இருக்கலாமா? கூடாது. அது விதி. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

ஆனால் யாரும் கேட்கவில்லை. அவளே இப்போதுதான் தன்னைக் கேட்கிறாள். அன்றைக்குக் குங்குமம் போனதும் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கடைசிச் சிவப்பு போகிறவரை அழுத்தித் தேய்த்தாள். ஸ்பிரிட்டுக்கு மார்க்கர் தாங்குமா? பெயரும் சேர்ந்து கரைந்து பஞ்சோடு வந்துவிட்டது. வாசலில் அபிதாவின் செருப்புச் சத்தம். அவள் வைத்த பொட்டை அழிப்பதை அவளே பார்த்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில் இடது பாட்டிலில் மூங்கில் என்றும், வலது பாட்டிலில் வாழை என்றும் எழுதிக் கதவைச் சாத்தினாள்.

இப்போது எழுந்து போனாள். அபிதகுஜாம்பாள் குக்கர் பக்கத்தில் நின்று, தட்டுத் தட்டாக மூங்கில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். குக்கர் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கிற இரும்பு டிரம். நூற்றிருபது டிகிரியில் எதையும் விட்டுவைக்காது.

"இன்னா எப்சி, பேயறைஞ்ச மாறி நிக்கிற?"

"அபிதாக்கா, ஆயுதபூஜைக்கு ஃப்ரிட்ஜ்ல இருந்த மருந்து பாட்டிலை வெளிய எடுத்தீங்களா?"

"எடுக்காம எப்டி பொட்டு வெக்கறது? எல்லாத்தையும் டேபிள் மேல அடுக்கி, பொட்டு வெச்சு, சூடம் காட்டி, திருப்பி உள்ள வெச்சேன். அஞ்சு மாசம் கழிச்சு இப்ப இன்னாத்துக்கு அது?"

"திருப்பி வெக்கும்போது இருந்த இடத்துலயே வெச்சீங்களா?"

அபிதா யோசித்தாள். "இல்ல. வாழைய முன்னாடி வெச்சேன்."

"ஏன்?"

"இன்னா கேள்வி கேக்குற நீ? வாழை கல்யாண வூட்டு வாசல்ல கட்றது. மூங்கிலு இன்னாத்துக்குக் கட்றது? பாடைக்கு. நல்ல நாள் அதுவுமா கதவத் தொறந்தா பாடை மூஞ்சிலயா முழிக்கணும்? அதான் வாழைய இந்தாண்ட இடது பக்கம் வெச்சு, அத்த அந்தாண்ட தள்ளி வெச்சேன். மேலதான் பேரு எழுதி கீதே, பார்த்து எடுத்துக்குவன்னு வுட்டுட்டேன்."

பெயர் எழுதித்தான் இருந்தது. அபிதா செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அவள் மங்களம் பார்த்து இடத்தை மாற்றினாள். எப்சி பொட்டு வேண்டாமென்று பெயரை அழித்தாள். இரண்டில் ஒன்று நடக்காமலிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. அந்த நாலரை மாதமும் மூங்கிலுக்கு ஐந்து மடங்கு மருந்தை அளந்து ஊற்றியது எப்சியின் கை. கைராசி!

அபிதா அடுத்த தட்டைத் தூக்கினாள். எப்சி தடுக்கவில்லை. அவள் ஒரு புண்ணியவதி என்று எண்ணிவிட வேண்டாம். அந்த ஒரு தட்டு உள்ளே போகிறவரை அவளுக்கு ஒரு கணக்கு ஓடியது. பாட்டில்கள் அவிந்துபோகும். தாய்ப்புதருக்கு வயதாகிவிட்டது என்று மேடமே சொல்லியாயிற்று. அண்ணனிடமும் அதையே சொல்லலாம். கோவளத்துப் புதர் வாய் திறந்து மறுத்துப் பேசவா போகிறது? இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியவராது.

தட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. கண்ணாடிக்குள் அந்தப் பூக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குலுங்கின.

"அக்கா, நிறுத்துங்க," என்றாள் எப்சி. குரல் அவளுடையதாகவே இல்லை. "இதுங்களுக்கு வயசாகல. நான்தான் மருந்தை மாத்தி ஊத்திட்டேன்."

அபிதா தட்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். எப்சி பொட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். பின்னால் மெஹ்னாஸ் வந்து நின்றதும், பாதியிலிருந்து அவளும் கேட்டுக்கொண்டிருந்ததும் சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பதிவேட்டை வாங்கி இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஃபைவ் டைம்ஸ். நாலரை மாசம். பிரியாணி வேற வாங்கிக் குடுத்தேன் நான்." பதிவேட்டை மூடினாள். "சரி. குக்கர்ல இருந்து எல்லாத்தையும் வெளிய எடுங்க. பூவை வெட்டிட்டு, தளிர் மருந்தைச் சுத்தமா நிறுத்தி, வேர் மருந்துல போட்டுப் பார்க்கலாம். ஆக்சின் பட்டா பூக்கறதை மறந்துட்டுப் பழையபடி வேர் விடும்னு சொல்றாங்க. பாதியாவது பொழைக்கும். நல்ல வேளை, இப்பவாவது சொன்னே."

"மேடம், மண்ணுக்குப் போனது?"

மெஹ்னாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த அறுநூறு கன்று யாருக்குப் போயிற்று என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"அது தளிர் மருந்தை விட்டு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு எப்சி. இதுவரைக்கும் பூக்கலன்னா தப்பிச்சுதுன்னு வெச்சுக்கலாம். பூத்திருந்தா..." நிறுத்தினாள். "வெளிய போன செடியைத் திருப்பிக் கொண்டுவர எனக்கு வழி தெரியல. அண்ணனுக்குப் போன் பண்ணிக் கேளு. பதறாமக் கேளு."

எப்சி செல்லை எடுத்தாள். எண்ணை அழுத்துவதற்குள் அதுவே அடித்தது. அண்ணன்தான்.

"எப்சி! நின்னுக்கினு கீறியா, உக்காந்துக்கினு கீறியா? உக்காரு மொதல்ல!" தாவீதின் குரலில் அப்படி ஒரு குதூகலம். அப்பா உயிரோடிருந்த காலத்துக்குப் பிறகு அவள் அதைக் கேட்டதே இல்லை. "பூத்துடுச்சும்மா! ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசை வரிசையா வுட்டுருக்குது. வெச்சு ஆறு வாரம்கூட ஆவல. பக்கத்து நெலத்துக்காரரு வந்து பார்த்துட்டு வாயப் பொளந்துட்டாரு. எல்லாம் உன் கைராசி!"

அவள் கையிலிருந்து செல் நழுவியது. அபிதாதான் பிடித்துக் கொடுத்தாள்.

படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறி, ஒரத்தூர் நிறுத்தத்தில் இறங்கி, ஏரிக்கரை ஓரமாக நடந்தாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தாள். ஒன்றும் உருப்படியாக வரவில்லை. நடுவில் செல்லில் சபையின் வாட்ஸப் குழு சிணுங்கியது. அண்ணன் நிலத்தை வீடியோ எடுத்துப் போட்டிருந்தான். கீழே, கர்த்தர் என் நிலத்தில் செய்த அதிசயம் என்று எழுதியிருந்தான். பாஸ்டர் ஆமென் போட்டிருந்தார். அவரைத் தொடர்ந்து நாற்பது பேர் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்கள். எப்சி நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் பைக்கில் வந்தவன் திட்டிக்கொண்டே போனான்.

நிலத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் பளபளவென்று போனது. பாத்தி பாத்தியாக, இடம் விட்டு இடம் விட்டு, முழங்கால் உயரம்கூட வராத கன்றுகள். இலை குறைந்து, நுனியெல்லாம் கதிர். முதல் வரிசையைப் பார்த்தாள். இரண்டாவது வரிசைக்குப் போனாள். மூன்றாவதில் ஓடவே ஆரம்பித்தாள். ஏதாவது ஒன்று, ஒரே ஒரு கன்று பூக்காமல் நிற்காதா என்று குனிந்து குனிந்து தேடினாள். நாலைந்து தேறின. அவற்றையும் விரித்துப் பார்த்தபோது குருத்துக்குள் மொட்டு இருந்தது.

"இன்னா ஓட்டம் அது? மெதுவாப் பாரு, எங்கயும் போயிடாது," என்று சிரித்துக்கொண்டே தாவீது வந்தான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான், காலெல்லாம் சேறு. கையில் துவைத்து மடித்த வெள்ளைக் கைக்குட்டை. அதைப் பிரித்துக் காட்டினான். உள்ளே முதல் கதிர்கள், ஒரு கைப்பிடி. "மொத வரிசைல பறிச்சேன். ஞாயித்துக்கெழம சபைல முதற்பலன் வெக்கணும். நெல்லு வெச்சா நெல்லு, கத்திரி வெச்சா கத்திரின்னு அம்மா வெப்பாங்களே. நமக்கு மூங்கில் பூ. ஒரத்தூர் சபைல இதுவரைக்கும் ஒருத்தன் மூங்கில் பூ வெச்சிருப்பானா சொல்லு."

"அண்ணா."

"இன்னாடி, அழுவுற?"

"அண்ணா, மூங்கில் பூத்தா செத்துடும்."

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று எண்ணி, அடுத்தது என்ன என்று காத்திருந்தான். அவள் நிறுத்தாமல் சொன்னாள். நிறுத்தினால் அப்புறம் வராது என்று தெரியும். பொட்டு, பஞ்சு, ஸ்பிரிட், இடது பக்கத்துப் பாட்டில், ஐந்து மடங்கு. தாய்ப்புதரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை. அவள் பேசப் பேச அவன் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"எல்லாமுமா?" என்றான் கடைசியில்.

"எல்லாமும்தான்ணா."

"காயறதுக்கு எத்தன நாளு?"

"தெரியலண்ணா. சில வாரமோ, சில மாசமோ. மேடம் வேற கன்னு தரேன்னு சொல்லுவாங்க. நான் பேசறேன்."

"கன்னு குடுப்பாங்க." சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வேலய வுட்டுட்டு வந்து, எங்கிட்ட கேட்டவன்கிட்டல்லாம் எந்தங்கச்சி சொன்னாள்னு சொல்லி வெச்சேனே. அத்த இன்னா பண்றது?"

அவன் நிமிர்ந்தான். கோபமாகத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"அந்தப் பொட்டு அது பாட்டுக்கு அங்க இருந்தா, உன்ன யாரு இன்னா கேட்டிருக்கப் போறாங்க எப்சி?"

"யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்கண்ணா."

"கர்த்தர் கேட்டிருப்பாரா?"

எப்சி வாயைத் திறந்தாள். முப்பத்திமூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள். பதில் கைவசம் இருக்க வேண்டும். இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

தாவீது அவள் கையை எடுத்து விரித்து, கைக்குட்டையை அதில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டான். சின்ன வயதில் உண்டியல் போடக் காசு கொடுக்கும்போதும் அப்படித்தான் மடக்கிவிடுவான்.

"ஞாயித்துக்கெழம நீயே எட்த்துக்கினு போயி வை. வீடியோ பார்த்துட்டு எல்லாரும் கேப்பாங்க. இப்ப எங்கிட்ட சொன்ன மாறியே அவங்ககிட்டயும் சொல்லு. இது உன் கை வெளைச்சல்."

அவன் மோட்டார் கொட்டகையை நோக்கி நடந்தான். எப்சி அங்கேயே நின்றாள். கைக்குட்டைக்குள் அந்தக் கதிர்களுக்கு எடையே இல்லை. கொட்டகையில் ஸ்விட்ச் விழும் சத்தம் கேட்டது. மோட்டார் நின்றது. வாய்க்காலில் வந்துகொண்டிருந்த தண்ணீர் இன்னும் கொஞ்ச தூரம் ஓடி, ஒரு பாத்தி பாதி நனைந்த நிலையில் நின்றுவிட்டது.